டன்ஸ்டன் வீட்டுப் பாலசிங்கம்

என் அக்கா மங்கையற்கரசியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன் எங்கள் மாட்டுக் கொட்டிலைப் பார்த்தார்கள். மாடுகளை எண்ணுவதற்காக அல்ல. கொட்டிலுக்குப் பின்னால் நீல நிறத்தில் உழவு மெசின் ஏதும் நிற்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காக. எங்களிடம் நாலு மாடும் ஒரு மரக் கலப்பையும் மட்டும்தான் இருந்தன. மாப்பிள்ளையின் தகப்பன் ஏரம்புவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மாட்டு வீடு பரவாயில்லை. மனுசர் ஏழையாய் இருக்கலாம், நீலமாய் இருக்கக் கூடாது" என்றார்.

அந்தத் தகுதியில் அக்கா பாலசிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் எனக்கு அத்தானானார். இனி வரப்போவது அவருடைய கதைதான். ஆனாலும் நடுவில் என் வண்டவாளமும் கொஞ்சம் வெளியே வரும், அதைத் தவிர்க்க முடியாது.

எங்கள் ஊர் விளாத்திமோட்டை. மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து, கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் ஓரமாகப் போய், வழி தவறினவர்கள் வந்து சேருகிற இடம். நெல்லும், இரவில் கடிக்கிற நுளம்பும் நன்றாக விளையும். 1959ஆம் ஆண்டு ஏரம்பு தன் காளைகள் எல்லாவற்றையும் விற்று டன்ஸ்டன் என்ற கம்பனியின் சிவப்பு உழவு மெசின் ஒன்றை வாங்கினார். அது கொழும்பிலிருந்து சாமான் ரயிலில் மன்னார் ஸ்ரேசனுக்கு வந்திறங்கியது. தலைப்பாகை கட்டிக்கொண்டு, ஏஜென்சிக்காரன் காட்டிக்கொடுத்த மாதிரியே அதை ஓட்டிக்கொண்டு ஏரம்பு பாலத்துக்கு வந்தார். அப்போது அதே ரயிலில் வந்த நீல மெசின் ஒன்று அவரை முந்திக்கொண்டு போனது. முந்தினவர் பக்கத்து ஊர்க்காரர். போகிற போக்கில் கையைக் காட்டிவிட்டும் போனாராம்.

அவ்வளவுதான் நடந்தது. இரண்டு தலைமுறைப் பகைக்கு வேறு ஏதாவது கனமான காரணம் இருக்கும் என்று நானும் பல பேரிடம் விசாரித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு ஏரம்பு சாகக் கிடந்தபோது, பெண்சாதியைப் பற்றியோ காணியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மகனைக் கிட்டக் கூப்பிட்டு, "சிவப்பை விட்டிடாதை" என்றார். அத்தான் தகப்பனின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

சத்தியத்தை அவர் காப்பாற்றின விதம் ஊருக்கே வேடிக்கை. காலையில் தன் முகத்தைக் கழுவும் முன் டன்ஸ்டனின் முகத்தைத் துடைப்பார். அதன் நெற்றிக்குத் திருநீறு பூசிய பிறகுதான் தன் நெற்றிக்குப் பூசுவார். வீட்டில் நீலச் சேலை கிடையாது. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால்தான் தன் கலியாணத்துக்கு முந்திய நீலச் சேலையை எடுத்துக் கட்டி ஆசை தீர்த்துக்கொள்வாள். உழவு இல்லாத மாதங்களில் அத்தான் மெசினைப் பேசாலைக்குக் கொண்டுபோய், கரைக்கு வருகிற படகுகளை மணலில் ஏற்ற இழுத்துக் கொடுப்பார். அங்கேயும் நீலம் பூசின படகென்றால் தொடமாட்டார். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மாக்கிறட் என்ற பெண் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"கடலும் நீலம்தானே அண்ணை. அதுக்கு என்ன செய்யப்போறியள்?"

"அதாலைதான் பிள்ளை நான் நெல்லு விதைக்கிறன்" என்றார் அத்தான். சிரிக்காமல் சொன்னார். அவர் பகிடி விடுகிற ஆள் அல்ல.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. அந்த ஒக்ரோபரில் ஆயுதம் வைத்திருந்த இயக்கக்காரர் மன்னாரின் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். டன்ஸ்டனுக்கு உதிரிப்பாகம் விற்றுக்கொண்டிருந்த தாராபுரத்து சாஹுல் ஹமீட் காக்காவும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார். செய்தி கேட்டு அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். நானும் நெகிழ்ந்துபோய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் தலையை நிமிர்த்தி, "இனிச் சாமான் வாங்க எங்கை போறது?" என்றார். எனக்கு அவரில் வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் என் கோபத்துக்கும் பெரிய யோக்கியதை இல்லை. அத்தான் மனதில் பட்டதைப் பேசினார். நான் பயத்தில் வாயே திறக்கவில்லை.

போர் எங்கள் பக்கம் வந்தபோது எங்களுக்கு அரசாங்கம் தடை செய்த பொருட்களின் பட்டியலும் கூடவே வந்தது. டீசல், சீமெந்து, சவர்க்காரம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் பெற்றறியும் இருந்தது. டன்ஸ்டனின் பெற்றறி அடுத்த வருடமே செத்துப்போனது. புதிது கொண்டுவர வழியில்லை. எல்லோரும் செய்ததைத்தான் அத்தானும் செய்தார். மெசினைக் குளக்கட்டின் சரிவில் நிறுத்தி வைத்தார். காலையில் ஆட்கள் வந்து தள்ள, அது உருளும்போது கிளச்சை விட்டால் இருமி, புகை கக்கி, உயிர் வரும். டீசலுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றினதால் அந்த இருமல் ஊர் முழுக்கக் கேட்கும்.

எங்கள் ஊர்க் குளமான மோட்டை சின்னது, கட்டும் தாழ்ந்தது. தானாக உருளுகிற சரிவு அங்கே கிடையாது. ஆறு ஏழு பேர் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். அந்த ஆறு ஏழு பேர் கொலனியிலிருந்து வந்தார்கள்.

கொலனி என்பது எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் இருக்கிற பகுதி. ஊரின் கிழக்கே, வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டில் காடு வெட்டி, ஆளுக்கு இரண்டு ஏக்கர் துப்புரவாக்கிக்கொண்டார்கள். மழையை நம்பின காணி. முதல் மழை விழுந்து பத்து நாளுக்குள் உழுது விதைத்தால் நெல்லு. பிந்தினால் பெருமழை வந்து, புல்லு. பெரியசாமிதான் கொலனிக்குப் பெரிய மனிதர். பெரிய மனிதர் என்றால், மற்றவர்களுக்கு ஒரு சைக்கிளும் இல்லை, அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கூலிக்கு எங்கள் வயல்களில் வேலை செய்தார், கூலிக்கே டன்ஸ்டனையும் தள்ளினார். அவர் பெண்சாதி ராக்கம்மா நாற்று நட்டாள்.

உழவுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் அத்தானின் பன்னிரண்டு ஏக்கர். இரண்டாவது என் காணி, மச்சான் முறை என்பதால். பிறகு சொந்தக்காரர், பிறகு கோயில் காணி, பிறகு தலைவரோடு நல்ல மாதிரி இருக்கிறவர்கள். கமக்காரர் சங்கத் தலைவர் அத்தான்தான். எல்லாம் முடிந்து மெசின் கொலனிப் பக்கம் திரும்ப எப்படியும் பதினொரு நாள், பன்னிரண்டு நாள் ஆகிவிடும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அவர்கள் விதைத்ததை வெட்டாமல் விட்டார்கள். அதை ஒருவரும் அநியாயம் என்று சொல்லவில்லை. மழை முந்திவிட்டது என்று சொன்னோம்.

தொண்ணூற்றொன்பதில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் மடு மாதா கோயிலடிக்கு ஓடினோம். மற்றவர்கள் மர நிழலும் தண்ணீரும் தேடி இடம் பிடித்தார்கள். அத்தான் சரிவு தேடினார். மூன்று நாள் வெயிலில் அலைந்து ஒரு சரிவைக் கண்டுபிடித்து, அதன் உச்சியில் டன்ஸ்டனையும் அடியில் அக்காவையும் குடியமர்த்தினார். அக்கா அங்கேயிருந்த நாலு மாதமும் மேலே பார்த்துப் பார்த்தே நித்திரை கொண்டாள்.

2002இல் சமாதானம் வந்தது. பாதை திறந்தார்கள், டீசல் வந்தது, பெற்றறியும் வந்தது. சுற்றுவட்டாரத்தில் மெசின் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மன்னாருக்கு ஓடிப்போய் முதலில் வாங்கின சாமான் பெற்றறிதான். அத்தான் வாங்கவில்லை. பதினொரு வருடம் அது இல்லாமல் ஓட்டினதில், அது இல்லாமல் ஓடுவதே டன்ஸ்டனின் பெருமை என்று அவருக்கு நிலைபெற்றுவிட்டது.

"டன்ஸ்டனுக்குப் பெற்றறி தேவையில்லைத் தம்பி. நீலத்துக்குத்தான் தேவை. அது நோயாளி மெசின்" என்றார்.

"தள்ளாமல் இது ஓடுமோ அத்தான்?"

"தள்ளினால் ஓடுதுதானே. வேறென்ன வேணும்?"

யார் தள்ளுவது என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடுத்த ஆண்டு ஆவணியில் மன்னாரிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. வெள்ளை வாகனம், உயரமான அன்ரனா. களப் பொறுப்பாளர் அருள்நாயகி என்ற பிள்ளை நல்ல பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டு வரம்பில் நடந்து கொலனிக் காணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு சங்கக் கூட்டத்தில் சொன்னது, சங்கத்துக்கு ஒரு புது உழவு மெசின் தருகிறோம், முதலில் கொலனிக் காணிகளை உழவேண்டும், தலைவரும் செயலாளரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்துப் புரட்டாதி முடிவதற்குள் அனுப்பினால் போதும் என்று. பெரியசாமி கூட்டத்தில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். அவர் கண் கலங்கினதை நான் பார்த்தேன். மெசினின் படத்தைப் பார்க்கத் தரச்சொல்லி வாங்கி, கை துடைத்துவிட்டுப் பிடித்தார்.

படத்தில் இருந்த மெசின் நீலம்.

அத்தான் படத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தை ஒத்திவைத்தார்.

கொலனியை முதலில் உழவேண்டும் என்பதுதான் அவருக்குக் கசந்தது, நிறம் வெறும் சாட்டு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைக்கத்தான் விரும்பினேன். அப்படி இருந்திருந்தால் முகத்துக்கு நேரே கோபித்திருக்கலாம். உண்மையில் அவருக்கு நிறம்தான் பிரச்சினை. தகப்பன் தலையில் கை வைத்துச் சொன்ன வார்த்தை. அந்த வார்த்தைக்காக இருபத்தொரு குடும்பத்தின் வயல் போகும் என்பது அவர் மனக்கண்ணில் ஏறவே இல்லை.

"எழுதும் தம்பி. நன்றி, ஆனால் எங்கட ஊருக்கு நீலம் சரிவராது, சிவப்பிலை இருந்தால் அனுப்பச் சொல்லி எழுதும்."

சங்கச் செயலாளர் நான். ஊரின் உப தபால் அதிபரும் நான்தான், கடிதம் எழுதுவதும் அனுப்புவதும் என் கைதான். இப்படி எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எழுதினேன். முத்திரை குத்தி நானே பையில் போட்டேன்.

கடிதம் மன்னார்க் கந்தோருக்குப் போய், அங்கேயிருந்து கொழும்புக்குப் போனது. நான் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன், உழவு மெசினின் நிறம் என்று. ஆனால் அது சமாதான காலம். கொழும்பில் முரண்பாடு தீர்ப்பதற்குப் பெரிய அறிஞர்கள் பலர் முரண்பாடு கிடைக்காமல் இருந்தார்கள். ஒரு ஊரில் சிவப்புக்காரர் நீலத்தை ஏற்கமாட்டோம் என்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களுக்குத் தீபாவளி வந்த மாதிரி. மெசினை நிறுத்திவைத்துவிட்டு, இரண்டு நாள் நல்லிணக்கச் செயலமர்வுக்கு ஏற்பாடு செய்தார்கள். அருள்நாயகி எனக்கு ரெலிபோனில், "ஐயா, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தன். மெசினின்ர பெயின்ற்தான் பிரச்சினை எண்டு. அவை நம்புகினமில்லை" என்றது.

செயலமர்வு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த, முரண்பாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற கலாநிதி ஒருவர், தாடி வைத்தவர், முதலில் சிவப்புச் சமூகத்தை வலப்பக்கமும் நீலச் சமூகத்தை இடப்பக்கமும் வந்து இருக்கச் சொன்னார். ஊர் முழுக்க வலப்பக்கம் போனது. இடப்பக்கக் கதிரைகள் காலியாகக் கிடந்தன. எங்கள் ஊரில் நீலமே இல்லையே. கலாநிதிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நல்லிணக்கம் எப்படி நடத்துவது. கடைசியில் வாசலில் நின்ற கொலனிக்காரரை உள்ளே கூப்பிட்டு, நீலத் தொப்பி கொடுத்து, இடப்பக்கம் இருத்தினார்கள். எங்களுக்குச் சிவப்புத் தொப்பி. அத்தான் தொப்பியைத் தலையில் வைத்து, கண்ணாடி இல்லாததால் என்னிடம், "வடிவாய் இருக்கோ?" என்று கேட்டார்.

முதல் நாள் படம் கீறினோம். நீலம் உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது என்று கேட்டார்கள். அத்தான் ஒரு பாலத்தையும், அதில் முந்திப் போகிற மெசினையும் கீறினார். கலாநிதி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இடப்பெயர்வின் வலி என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். மத்தியானம் கோழிக்கறியோடு சோத்துப் பார்சல். நான் இரண்டு எடுத்தேன்.

இரண்டாம் நாள் ஒரு பந்தைக் கொண்டுவந்தார்கள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. எங்கள் பக்கம் பேசினவர்கள் எல்லோரும் பொதுவாக அன்பைப் பற்றிப் பேசினார்கள். பிறகு கலாநிதி பந்தைப் பெரியசாமியின் கையில் கொடுத்து, சிவப்புச் சமூகத்தால் உங்கள் சமூகம் அனுபவித்த வலியைச் சொல்லுங்கள் என்றார். அவர் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழும்பினார். தலையில் நீலத் தொப்பி.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. நேத்து எங்கள நீலம்னு சொன்னீங்க. தொப்பி குடுத்தீங்க, போட்டுக்கிட்டோம். சோறு நல்லா இருந்துச்சு. ஆனா எங்களுக்கு கலர் ஒண்ணும் இல்லீங்க. மஞ்சளா வந்தாலும் உழுவோம். மொத மழை விழுந்து பத்து நாளுக்குள்ள எங்க காணி உழணும், அவ்வளவுதான் வேணும்."

பந்து இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"பன்னெண்டு வருசமா நாங்கதாங்க தள்ளுறோம். நாங்க தள்ளுனா மெசின் கெளம்பி அந்தப் பக்கம் போயிரும். எங்க பக்கம் திரும்புறதுக்குள்ள மழை முந்திக்கிரும். இன்னும் ஒரு வருசம் முந்துனா நாங்க இங்க இருக்கமாட்டோம்ங்க. வேற எங்கிட்டாவது கூலிக்குப் போகணும். இப்பவே மூணு குடும்பம் போயிருச்சு."

அத்தானின் முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்துவிட்டது. பந்து இல்லாமலே பேசினார்.

"தள்ளினதுக்குக் கூலி குடுத்தனான்தானே. தேத்தண்ணியும் குடுத்தனான். சீனி போட்டு."

"குடுத்தீங்க ஐயா. இல்லேன்னு சொல்லல" என்றார் பெரியசாமி.

கலாநிதி கை தட்டினார். மிக நல்ல பகிர்வு என்றார். எல்லோரையும் எழும்பி நின்று கைகோத்துக்கொள்ளச் சொன்னார். கோத்துக்கொண்டோம்.

அன்று பின்னேரமே அத்தான் என்னிடம் சம்மதக் கடிதத்தைத் தேடி எடுத்துவரச் சொன்னார். மனம் மாறிவிட்டாரா என்று கேட்டேன். "யோசிக்கவேணும். வீட்டிலை கிடக்கட்டும்" என்றார். எட்டு நாள் கிடந்தது. ஒன்பதாம் நாள் காலையில், முதல் மழை இரவிரவாகப் பெய்து ஓய்ந்திருந்த நேரம், தபால் பை வந்தது. கொழும்புக் கடிதம் இருந்தது. விளாத்திமோட்டையில் இரு சமூகங்களுக்கிடையே ஆழமான பிளவு இருப்பது செயலமர்வில் வெளிப்பட்டதால், இந்த ஊர் இன்னும் சொத்து உதவிக்குத் தயாராகவில்லை. உழவு மெசின் நல்லிணக்கமுள்ள வேறொரு ஊருக்கு வழங்கப்பட்டுவிட்டது. எங்களுக்கு மேலும் இரண்டு செயலமர்வுகள் சிபாரிசு செய்யப்பட்டிருக்கின்றன.

நான் கடிதத்தோடு குளக்கட்டுக்குப் போனேன். அத்தான் டன்ஸ்டனின் சீற்றில் இருந்தார். திருநீறு பூசி, கலப்பை மாட்டி, உழவுக்கு ஆயத்தம். தள்ள ஆள் இல்லை. விடியற்காலையில் வந்து ஏறி இருந்தவர், வெயில் ஏறி வந்த பிறகும் அப்படியே இருந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீலம் வராது என்பதில் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். "சரி" என்று மட்டும் சொன்னார்.

"பெரியசாமியவையைக் காணேல்லை. ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாரும் தம்பி."

கொலனியில் இன்னும் மூன்று குடும்பம் சாமான் கட்டிக்கொண்டிருந்தது. பெரியசாமி வாசலில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ராக்கம்மாதான் பேசினாள்.

"வர்றோம்னு சொல்லுங்க. ஆனா நாங்க தள்ளுனா மெசின் மொதல்ல எங்க காணிக்குத்தான் வரணும். இல்லேன்னா அங்கேயே நிக்கட்டும், கோழி ஏறி முட்டை போடட்டும்."

இதை அப்படியே அத்தானிடம் சொன்னேன், கோழியையும் சேர்த்து. அவர் கோபிப்பார் என்று இரண்டு அடி தள்ளி நின்றேன். அவர் டன்ஸ்டனின் மட்காட்டைத் தடவிக்கொண்டு யோசித்தார். அந்த மூளைக்குள் என்ன நடந்ததோ தெரியாது. கடைசியில், "நீலம் வந்தால்தான் தங்கட காணி உழலாமெண்டு நினைக்கினம். டன்ஸ்டன் எண்டால் என்னவெண்டு காட்டுறன். வரச்சொல்லும்" என்றார். ஒரு மனிதன் சரியானதைச் செய்ய எந்தச் சாட்டு வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

தள்ளினார்கள். டன்ஸ்டன் இருமிக்கொண்டு கிளம்பியது. அதன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கொலனிப் பக்கம் முதலில் திரும்பியது. பெரியசாமியின் காணியில் கலப்பையை இறக்கி அத்தான் நேராக ஒரு சால் ஓட்டினார். ஈர மண் கறுப்பாகப் புரண்டது. ராக்கம்மா ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அந்தக் கோடியில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு பழைய மரக் கட்டையைக் கண்டு, அத்தான் பதறிப்போய் கிளச்சை விட்டுவிட்டார். டன்ஸ்டன் ஒருதரம் குலுங்கி, நின்றுபோனது.

மேட்டுக் காணி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டை. சரிவு என்ற பேச்சே இல்லை.

ஏழு பேர் தள்ளினார்கள். நகரவில்லை. நானும் போய்த் தோள் கொடுத்தேன், எட்டுப் பேர். ஒரு முழம் நகர்ந்து, ஈரத்தில் வழுக்கி நின்றது. மூன்றாவது தடவை பெரியசாமி முழங்காலில் விழுந்தார். அத்தான் மேலேயிருந்து, "இன்னும் கொஞ்சம் பலமாய்" என்றார். ராக்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க எறங்குனா மேல ஒரு ஆளு பாரம் கொறையும். கீழ ஒரு ஆளு தோளு கூடும்."

கணக்குச் சரியான கணக்கு. அத்தானாலும் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு ஆள் மேலே இருந்து கிளச்சை விடவேண்டும். இருக்கிறவர்களில் பாரம் குறைந்த ஆள் யார் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ராக்கம்மா நாற்பது கிலோ வரமாட்டாள்.

ஏரம்பு இருந்த சீற் அது. ஏரம்புவின் மகனைத் தவிர வேறு ஒருவரும் இருந்ததில்லை. அக்காவைக்கூட மட்காட்டில்தான் இருத்துவார். அத்தான் மெதுவாக இறங்கினார். ராக்கம்மா ஏறினாள்.

"இடது கால் கிளச். அமத்திப் பிடி. நான் விடு எண்டேக்கை விடு. ஸ்ரியறிங்கை ஆட்டாதை. வேற ஒண்டையும் தொடாதை."

"தொடலீங்க."

அத்தான் சால்வையை அவிழ்த்து என்னிடம் தந்தார். பெரியசாமிக்குப் பக்கத்தில் போய், டன்ஸ்டனின் முதுகில் தோளைக் கொடுத்தார். அறுபது வயதில் முதல் தடவை. தள்ளினோம். அவருடைய வாயிலிருந்து வந்த முனகல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சில்லு ஒரு முழம் நகர்ந்தது, பிறகு இரண்டு முழம், பிறகு உருண்டது. "விடு!" என்று கத்தினார். ராக்கம்மா விட்டாள். டன்ஸ்டன் துள்ளி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. அத்தான் முகங்குப்புற மண்ணில் விழுந்தார்.

நின்றபடி இயங்குகிற வயதை டன்ஸ்டன் எப்போதோ கடந்துவிட்டது. நிறுத்தினால் செத்துவிடும். ராக்கம்மாவுக்கு அது தெரியும், பன்னிரண்டு வருடம் புருசன் தோளுக்கு எண்ணெய் தேய்த்தவள். அவள் நிறுத்தவில்லை. அத்தான் எழும்பிக் கொஞ்சத் தூரம் பின்னால் ஓடினார். "வலக்கைப் பக்கத்துத் தடியை இறக்கு, கலப்பை விழும்" என்று கத்தினார். இறக்கினாள். "மெல்லத் திருப்பு" என்றார். திருப்பினாள். சால் கொஞ்சம் கோணல்தான். இரண்டாவது சால் அவ்வளவு கோணல் இல்லை. நாலாவதில் அத்தான் கத்துவதை விட்டுவிட்டு வந்து வரம்பில் என் பக்கத்தில் இருந்தார்.

தோளில் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. நெற்றித் திருநீறு இருந்த இடத்தில் சேறு. அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம் சோர்ந்துபோய் அவரை நான் கண்டதில்லை, தகப்பன் செத்த அன்றைக்குக்கூட.

"தம்பி, இது இவ்வளவு பாரமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார்.

சொல்லியிருந்தார்கள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதக் கூட்டத்தில் பெரியசாமி எழும்பி, பாரம் தாங்க முடியவில்லை, தள்ளுகிறவர்களின் தோள் போகிறது, அதற்காவது எங்கள் காணியை முன்னுக்கு உழுது தாருங்கள் என்று கேட்டார். அந்த நேரம் வெளியே தூறியதால் அத்தான் மெசினுக்குப் படங்கு போர்த்தப் போயிருந்தார். திரும்பி வந்து, என்ன கதைத்தவங்கள் என்று என்னைக் கேட்டார். கூட்டக் குறிப்புக் கொப்பி என் மடியில் விரித்தபடி கிடந்தது. ஒன்றுமில்லை அத்தான் என்று சொல்லி நான் கொப்பியை மூடினேன்.